முன்பாரம்

என் மாமனார் கோதண்டம் போன செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய மாடுகளைப் பற்றித்தான் பேசினார்கள். எந்தச் சந்தையில் எந்த ஜோடியைப் பிடித்தார், எந்தக் காளை அவர் குரலுக்கு மட்டும் எழுந்திருக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். அவர் ஒரு லாரி வைத்திருந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மனைவிக்காக அதைத் தவிர்த்தார்கள் என்று நினைக்கிறேன். அதனால் அதை நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவருக்குக் கோவில்பதாகைதான் பூர்வீகம். ஏரியை நம்பின கொஞ்சம் நிலம் இருந்தது. அதைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, கல்யாணமானதும் குமணன்சாவடிக்கு வந்து வண்டி கட்டிப் பிழைத்தார். கத்திரிக்காயும் கீரையும் வாழையிலையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் கொத்தவால் சாவடிச் சந்தைக்குப் போய் வருவார். பாரம் ஏற்றுவதில் அவரைப் போல இந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. மூட்டைகளை அடுக்கி முடித்ததும், மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் முன்பாரம்; மாட்டின் கழுத்தில் வந்து உட்காரும். உடனே இரண்டு மூட்டையைப் பின்னால் தள்ளச் சொல்வார். கழுத்தில் பாரம் உட்கார்ந்தால் மாடு தலையை ஆட்டிக்கொண்டே போகும். அந்த ஆட்டம் நின்றால்தான் அவருக்குத் திருப்தி.

யுத்தம் தொடங்கிய வருஷத்தில், ஒரு செங்கல் சூளைக்காரர் கழித்துப் போட்ட பழைய லாரி ஒன்றை வாங்கினார். சின்ன லாரி. முன்னால் இரண்டு பேர் உட்காரக் கூண்டு, பின்னால் பலகை அடித்த திறந்த தொட்டி. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். பிரேக் பிடிக்கும்போது அவரையறியாமல் "ஹோ... ஹோ..." என்பார். கூட்டாளிகள் கேலி செய்வார்கள். "இன்னா கோதண்டம், ராத்திரிக்குப் பிண்ணாக்கு வைக்கிறியா அதுக்கு?" என்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

1942 ஏப்ரலில், விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்த சில நாட்களில், பட்டணம் காலியாகத் தொடங்கியது. நான் அப்போது ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ராயபுரத்தில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தோம். என் மனைவி வேம்புலியம்மாளுக்கு நிறைமாதம். எப்போதோ தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டியவள். நல்ல நாள் பார்த்துப் பார்த்து அது தள்ளிப் போயிருந்தது. இப்போது ரயிலில் ஜன்னல் வழியாகக் குழந்தைகளைத் தூக்கிப் போடுகிறார்கள், ஜட்கா கிடைக்கவில்லை, மாட்டு வண்டிகள் எல்லாம் முன்பே பேசி முடிந்துவிட்டன. அந்த நெரிசலில் வயிற்றுப் பிள்ளைக்காரியை நடத்திக் கூட்டிப்போக முடியாது. பக்கத்து வீட்டு முத்தம்மாளை அவளுக்குத் துணை வைத்துவிட்டு, விடிவதற்கு முன்பே நான் கிளம்பினேன். பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் ஒரு காய்கறி வண்டியில் தொற்றியும் குமணன்சாவடிக்கு வந்து சேர்ந்தேன். மாமாவிடம் லாரி இருக்கிறது என்ற ஒரே நினைப்பு.

லாரி புளியமரத்தடியில் நின்றிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"எடுத்தா எமன் மாப்ளே அது. நாலஞ்சு நாளா கட்டிப் போட்டுக்கீறேன். கொஞ்சம் வேகம் புடிச்சா ஸ்டியரிங்கு கையில நிக்கமாட்டேங்குது. சாமி வந்தவன் மாதிரி ஆடுது. போன வாரம் வேலப்பன்சாவடியாண்ட பள்ளத்துல எறங்கியிருப்பேன்."

மாமியார் சாமுண்டீஸ்வரி உள்ளேயிருந்து வந்தார். "பொண்ணு அங்க கடலோரத்துல குந்திகினு கீறா. நீ மரத்தடியில லாரிக்குக் காவலா?" என்றார். அவ்வளவுதான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

பஷீருதீன் பட்டறையில் அன்று நிற்க இடமில்லை. பட்டணத்திலிருந்து தப்பி வந்த கார்கள் வரிசையாக நின்றன. ஒரு பெரிய மனிதர் காரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பஷீருதீன் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். மாமா குனிந்து அவர் காலைத் தொட்டார்.

"பாய், என் பொண்ணு."

"இன்னா ஆச்சு பொண்ணுக்கு?"

மாமா சொன்னார். சொல்லும்போது கைகளை ஆட்டி ஸ்டியரிங் எப்படி ஆடுகிறது என்று காட்டினார். பஷீருதீன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டார். கார்க்காரர் கத்தத் தொடங்கினார்.

"சார், உங்க வண்டி நின்னுகினே இருக்கும், அதுக்குப் பிள்ளை பொறக்காது" என்று அவரிடம் சொல்லிவிட்டு, சாமான் பையை எடுத்துக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

லாரிக்கு அடியில் புகுந்த பஷீருதீன் ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாயைப் பிடுங்கி வெளியே எறிந்தார். முழங்கை நீளம் இருக்கும். அதைக் குலுக்கினால் உள்ளே துண்டுகள் கலகலத்தன.

"ஸ்டெபிலைசர் போயிடிச்சி. உள்ள கீற ஸ்பிரிங்கு பொடிப்பொடியா கெடக்குது. அண்ணாத்தே, இது உடைஞ்சதா, உடைச்சியா?"

"நான் ஏன் பாய் உடைக்கிறேன்? அது அங்க கீறதே எனக்குத் தெரியாது."

பஷீருதீன் எனக்காகக் கொஞ்சம் விளக்கினார். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகத் திருப்ப ஒரு நீளக் கம்பி அவற்றை இணைக்கிறது. இந்தக் குழாயின் ஒரு முனை அந்தக் கம்பியிலும், மறுமுனை அச்சிலும் மாட்டியிருக்கும். சக்கரம் கல்லிலோ பள்ளத்திலோ அடிபட்டு ஒதுங்கினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அந்த உதையை வாங்கிக்கொண்டு மறுபடி நேராகத் தள்ளும். அது இல்லாவிட்டால் சக்கரத்தின் உதை நேராக ஓட்டுகிறவன் கைக்கு வரும்.

புதுசு எங்கும் கிடைக்காது. யுத்தம் வந்தபின் அதைக் கொண்டுவரும் சீமைக் கப்பலே வரவில்லை. தன் கொல்லையில் கிடந்த ஒரு லாரியின் கூட்டிலிருந்து கழற்றிய குழாய் ஒன்றை, மாமா சொன்னதிலிருந்தே ஊகித்து, அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். அது நீளத்தில் கொஞ்சம் கூடுதல். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கல்லை முட்டுக் கொடுத்தோம். பழைய குழாயின் குண்டுமுனை ஒன்று இன்னும் கம்பியின் துளையிலேயே துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, அந்தத் துளையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுத்தியால் அடித்தார்கள். ஒரு பக்கம் பஷீருதீன், மறுபக்கம் மாமா. அது விழுந்தபோது மாமா "வாடா!" என்று கத்தினார். புதுக் குழாய்க்குப் பழைய பிடி பொருந்தவில்லை. பிடியைக் கொல்லனிடம் எடுத்துப் போய் வளைத்து வரவேண்டியிருந்தது. மாட்டியபின் பஷீருதீன் சக்கரங்களை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, குழாய் எங்கும் முட்டுகிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தார். முட்டவில்லை. சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது.

மாமா ஏறி, பூந்தமல்லிப் பக்கமாக ஓட்டிப் போனார். புழுதி அடங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார். நெற்றியில் வியர்வை.

"ஆடுது பாய்."

"ஆடக் கூடாதே."

"எனக்கு வேண்டுதலா, பொய் சொல்ல? ஆடுது."

பஷீருதீன் தானே ஓட்டிப் பார்த்தார். அவர் கையிலும் ஆடியது. மறுபடி ஜாக்கி. மறுபடி குழாயைக் கழற்றி, ஸ்பிரிங்கை மிதித்துப் பார்த்து, மாட்டினார்கள். சக்கரத்தின் பேரிங்கை இறுக்கினார். ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. சாலையில் ஒரே திசையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன: பாய், தொட்டில், தையல் மிஷின், கூண்டில் கோழி. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் மாமா எட்டிப் பார்த்தார், அவளே எப்படியாவது ஏறி வந்திருக்கமாட்டாளா என்று.

பஷீருதீன் கடைசியில் சோர்ந்துபோய் லாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். பீடியைப் பற்றவைக்கப் போனவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"அண்ணாத்தே, காலி லாரிதானே இது?"

"காலிதான்."

"காலி லாரி ஏன் பின்னாடி குந்திகினு கீது? அடியில கீற ஸ்பிரிங்குப் பட்டையைப் பாரு, நெளிஞ்சி தட்டையாயிடிச்சி."

தொட்டியின் கடைக்கோடியில் தார்பாய் மூடிக் கிடந்தது. பஷீருதீன் அதை இழுத்தார். அடியில் மணல் மூட்டைகள், சுவர் வைத்தது போல நெருக்கி அடுக்கியிருந்தன.

"இன்னாயா இது?"

மாமா தயங்கிச் சொன்னார். "முன்னாடி ஆடிச்சில்ல. முன்பாரம்னு நெனைச்சேன். கழுத்துல பாரம் ஏறினா மாடு தலையை ஆட்டுமே. அதான் பின்னாடி வச்சேன்."

"எப்பலருந்து?"

"தைக்கு முன்னாடிலருந்து. ஒரு மூட்டை வச்சேன். இன்னும் ஆடிச்சி. அப்புறம் இன்னொண்ணு."

பஷீருதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இது மாடு இல்ல நைனா. மாடு முன்னாடி இழுக்குது. இதை எஞ்சின் பின் சக்கரத்தால தள்ளுது. பின்னாடி பாரம் ஏத்த ஏத்த முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பாக்கும். தரையைப் புடிக்காத சக்கரம் ஆடாம இன்னா பண்ணும்? நீ ஏத்தின மணல்தான் அந்தக் குழாயையே கொன்னுடிச்சி."

மூட்டைகளை இறக்கினோம். மாமா ஒருவர் மட்டும் வெறி பிடித்தவர் போல இரண்டிரண்டாக இழுத்துத் தள்ளினார். பிறகு ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது ஒரே கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஆனால் பொழுது போய்விட்டது. விளக்கு மறைப்பு உத்தரவு இருந்ததால் இருட்டில் அந்தச் சாலையில் போக முடியாது. பஷீருதீன் போகும்போது, "பின்னாடி பாரம் ஏத்தாதே. ஏத்துற மாதிரி ஆனா, முன்னாடியும் ஏத்து" என்றார். அந்த வார்த்தையை மாமா திரும்பத் திரும்ப முணுமுணுத்ததைக் கேட்டேன்.

விடியும் வெளிச்சத்தில் கிளம்பினோம். எதிரே ஊரே வந்துகொண்டிருந்தது. ராயபுரம் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. வேம்பு வாசற்படியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. முத்தம்மாளின் மகன் வந்து அழைத்தும், இவளைத் தனியே விட்டுப் போகாமல் அவள் காத்திருந்தாள்.

"இன்னா நைனா, இவ்ளோ நேரம்? ராத்திரியெல்லாம் இடுப்பு வலி" என்றாள் வேம்பு.

மாமா அவளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் கூண்டில் உட்கார வைத்தார். முத்தம்மாள் தன் மகனோடு போனாள். நான் பக்கப்படியில் நின்றுகொள்ள, மேற்கே திரும்பினோம்.

அமைந்தகரை வரைக்கும் நன்றாக வந்தோம். அங்கே ஒரு வண்டியின் அச்சு முறிந்து சாலையை அடைத்திருந்தது. லாரி நின்றதும் ஜனங்கள் ஏறத் தொடங்கினார்கள். யாரும் கேட்கவில்லை. ஒருத்தி பின்பலகைக்கு மேலாகத் தன் குழந்தையை உள்ளே போட்டுவிட்டு, பிறகு தான் ஏறினாள். மூட்டைகள், ஒரு அம்மிக்கல், கண் தெரியாத கிழவர் ஒருவர். நான் இறங்கித் தடுக்கப் பார்த்தேன். என் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு ஒருவன் ஏறினான். பின்பலகையிலும் ஆட்கள் தொங்கினார்கள்.

வழி விட்டதும் மாமா லாரியை நகர்த்தினார். கொஞ்ச தூரத்திலேயே ஆட்டம் வந்துவிட்டது. கூண்டே அதிர்ந்தது. வேம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நிறுத்து! நிறுத்து!" என்று அலறினாள். சாலையோரம் நடந்துபோனவர்கள் சிதறி ஓடினார்கள். அவர் நிறுத்திவிட்டுப் பின்னால் போய்க் கைகூப்பினார்.

"கொஞ்சம் பேர் எறங்குங்கய்யா. புள்ளத்தாச்சி கீறா. வண்டி தாங்காது. எல்லாரும் சாவோம்."

ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பின்பலகையில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் குதித்து இறங்கினான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆள், பெயர் மதுரைவீரன். நல்ல பருத்த உடம்பு. உள்ளே உட்கார்ந்திருந்தவளைக் காட்டி, "அது என் பொஞ்சாதி பொன்னியம்மா. அவளை எறக்க முடியாது நைனா, கால் வீங்கிக் கீது" என்றான். பிறகு, "உன் வண்டிக்கு இன்னா காச்சலா? இப்டி நடுங்குது?" என்று கேட்டான்.

"பின்னாடி பாரம் ஜாஸ்தி. முன்னாடி கனம் வேணும்."

"கனம்தானே? சொல்லியிருந்தா என் மாமியாரைக் கூட்டிக்கினு வந்திருப்பேனே!"

தொட்டியிலிருந்த ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னியம்மா உள்ளேயிருந்து, "ஆங், உன் தொப்பையே போதும், அதை வையி முன்னாடி" என்றாள். மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அந்த யோசனை அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன்.

"மாப்ளே, நீங்க இந்தப் பக்க மட்கார்டுல ஏறி உக்காருங்க" என்றார் முதலில் என்னிடம். அப்புறம் அவனிடம், "அண்ணாத்தே, நீ அந்தப் பக்கம்."

சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் தகட்டில் ஏறி, விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். தகடு காய்ந்துபோய்ச் சுட்டது. மதுரைவீரன் வலப்பக்கம், மாமாவின் கண்ணெதிரே. நான் இடப்பக்கம். எங்கள் நடுவில் லாரியின் மூக்கு.

"சாமி பொறப்பாட்டுல துவாரபாலகருங்க மாதிரி கீறோம் சாமி" என்றான் என்னிடம். "நீங்க படிச்சவரு. நீங்க இந்த வேலை பாக்கலாமா?"

ஆட்டம் நின்றுவிட்டது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு போவது தெரிந்தது. மதுரவாயலில் நெரிசல் குறைந்தது. வேம்பு கூண்டுக்குள் முனகும் சத்தம் வரவரக் கூடியது. மாமா கொஞ்சம் வேகம் கூட்டினார். ஸ்டியரிங் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். கை நடுங்காமல் அவர் அந்த லாரியை ஓட்டியது அன்றைக்குத்தான்.

வேலப்பன்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன மதகு. சாலை அங்கே முதுகு தூக்கியிருக்கும். லாரி ஏறி இறங்கியது. நான் விளக்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் பார்த்தபோது, மதுரைவீரனின் கையில் விளக்கு இருந்தது; விளக்கை மட்கார்டில் பிடித்துவைத்த இரும்பு முறிந்து, விளக்கு அவன் கையோடு வந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று தெரியாதவன் போல அவன் அதைப் பார்த்தான். பிறகு அவன் அங்கே இல்லை. சக்கரம் ஒருமுறை எழும்பி இறங்கியது.

மாமா இறங்கி ஓடினார். நானும் ஓடினேன். அவனுக்கு உயிர் இல்லை. தொட்டியில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். யாரோ, "போவலாம், போவலாம், நின்னா எல்லாரும் மாட்டுவோம்" என்றார்கள். பொன்னியம்மா இறங்க முடியாமல் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா ஆச்சு? எங்க அது? அது எங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். கூண்டுக்குள் என் மனைவி, அவளுக்கும் எதுவும் தெரியாது, "நைனா, வலி தாங்கல, சீக்கிரம் வா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மாமா சாலையின் நடுவில் நின்றார். கூண்டைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தப் பெரிய உடம்பை ஒருவராகவே தூக்க முயன்றார். முடியவில்லை. நானும் இன்னும் இருவரும் பிடித்தோம். தொட்டியில் ஜனங்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். பொன்னியம்மா அப்போதுதான் பார்த்தாள்.

அங்கிருந்து குமணன்சாவடி வரைக்கும் அவர் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டினார். நான் வலப்பக்கம் பக்கப்படியில் நின்றேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது. பொன்னியம்மா அழும் சத்தம் பின்னாலிருந்து வந்தது. வேம்பு அதைக் கேட்டு, தன் வலியை மறந்து, "யாரு நைனா? யாரு அழுவுறது?" என்றாள்.

அன்று சாயங்காலம் எனக்குப் பெண் பிறந்தது. சாமுண்டீஸ்வரி அத்தை வெளியே வந்து சொன்னபோது மாமா வீட்டில் இல்லை. சுடுகாட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஊரே ஓடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், சாலையில் செத்தவனைப் பற்றி அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பொன்னியம்மாவுக்குத் திரும்பிப் போக இடமில்லை. நாங்களும் குமணன்சாவடியிலேயே தங்கிவிட்டோம். எங்கள் கொல்லையின் கோடியில் மாமா தன் கையாலேயே அவளுக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். கால் வீக்கம் வடிந்ததும் அவள் கீரை பறித்து விற்றாள். லாரியைப் பஷீருதீன் இழுத்துக்கொண்டு போனார். மாமா மறுபடி மாடு பிடித்தார். வண்டியில் யார் ஏறினாலும் முன்னால் ஏர்க்காலில் மட்டும் உட்கார விடமாட்டார். அவரும் உட்காராமல் மாட்டோடு நடந்தே போவார். என் மகள் நடக்க ஆரம்பித்ததும் பொன்னியம்மாவின் குடிசைக்குத்தான் ஓடுவாள். அவளைத் தேடிக்கொண்டு போகும் சாக்கில் மாமா அங்கே போய் நிற்பார். மாம்பழக் காலத்தில் பழம், மழைக் காலத்தில் காய்ந்த விறகு, இப்படி ஏதாவது ஒன்றை வாசலில் வைப்பார். நிற்பார். திரும்பிவிடுவார். அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

மாமாவின் சவத்தை எடுக்கும்போது பொன்னியம்மா வேலிக்கு அப்பால் நின்றாள். உள்ளே வரவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், கிணற்றடியில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது குடத்தோடு வந்தாள்.

"தம்பி, கடைசியில என்னைப் பத்தி எதுனா சொன்னாரா?"

"இல்லீங்க. ரெண்டு நாளா நினைவே இல்ல."

அவள் கயிற்றை இறக்கினாள். "நாலு வருசமா வந்து நிப்பாரு. இன்னிக்கு மன்னிப்பு கேப்பாரு, இன்னிக்குக் கேப்பாருன்னு நானும் பாத்துகினே இருந்தேன். அந்த மனுசன் வாயைத் தொறக்காமயே போயிட்டாரு."

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன்.

"அது எனக்கின்னா தெரியும்? அவரு கேட்டிருந்தாதானே எனக்கே தெரியும்" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். "உம் பொண்ணு ராத்திரிலருந்து ஒண்ணும் துன்னல. எங்க ஊட்லதான் கீது. சோறு ஆக்கிப் போட்டுட்டு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.